பம்பரம் தூங்கிய பகல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களா. கதவோரம் நிற்கிறவரே, நீங்களும்தான். ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு கேட்கிற கதை இல்லை இது. உட்காரவே தெரியாத ஒரு பெண்பிள்ளையின் கதை. நான் அவளைப் பாட்டி என்றேன், தெரு அவளைப் பம்பரம் என்றது. அவளுக்கு மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணும் போய்விடுமோ என்று நாங்கள் தவித்ததையும், அந்தக் கண்ணுக்காக ஆஸ்பத்திரி நடையில் நின்று குடும்பமே சண்டை போட்டதையும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்கு எங்களுக்கு வரவில்லை.

பாட்டி தையல்காரி. ரொட்டிக் கடைக்கு மேலே முதல் மாடியில் அவளுக்கு இரண்டு அறை. முன்னறையில், ஜன்னலைப் பார்த்தபடி, கால் மிஷின். பள்ளிச் சீருடை, ஹோட்டல் மேஜை விரிப்பு, திரைச்சீலை, ஆஸ்பத்திரியின் பச்சைத் துணி என்று எது வந்தாலும் தைப்பாள். விடிந்தால் மிதிக்க ஆரம்பிக்கிற கால் பொழுது சாய்ந்தாலும் ஓயாது. வேலை செய்கிற கால் ஆடத்தானே செய்யும் என்பீர்கள். வேலை இல்லாதபோதும் ஆடும், அதுதான் விஷயம். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஆடும், மேலே தம்ளரில் தண்ணீர் நடுங்கும். பஸ்ஸில் ஆடும், முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். தூக்கத்தில்கூடப் போர்வைக்குள் வலது கால் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். நான் வளர்ந்து செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளுக்குச் செருப்பு வாங்கிக்கொடுத்தே ஓய்ந்துபோனேன். வலது செருப்பு நுனி தேய்ந்து வாய் பிளக்கும்போது இடது செருப்பு அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோலச் சிரிக்கும்.

ஒரு வேளைச் சோற்றை ஒரே மூச்சில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு வாய் வைப்பாள், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். இன்னொரு வாய் வைப்பாள், சாத்திய ஜன்னலைத் திறப்பாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு குடும்பப் படம் உண்டு. அம்மா இருக்கிறாள், மாமா இருக்கிறார், அம்மாவின் மடியில் நான் இருக்கிறேன். நடுவில் பாட்டி இருந்த இடத்தில் ஒரு புகை. "அசையாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அந்தம்மா அந்த நேரம் பாத்து என் சட்டையில நூல் தொங்குதுன்னு எழுந்துட்டாங்க" என்றாராம் படம் எடுத்தவர்.

ஆனால் கை இருக்கிறதே, அது தங்கம். சின்னப் பிள்ளைகளின் உடுப்பு எதைத் தைத்தாலும் மடிப்புக்குள் யாருக்கும் தெரியாமல் கூடுதல் துணி விட்டுத் தைப்பாள். கேட்டால், "பிள்ளைங்க என்ன, நட்டு வச்ச கம்பமா? வளருமில்ல?" என்பாள். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்தால் உடுப்பும் பிள்ளையோடு வளர்ந்திருக்கும்.

இடது கண் எப்போதோ போயிற்று. கித்தான் துணி தைக்கும்போது ஊசி ஒடிந்து தெறித்ததில் போனது. "ஊசிக்கும் ஒரு கண்ணுதானே இருக்கு, அது தைக்கலையா?" என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட முகத்தோடு மறுபடியும் மிதிக்க உட்கார்ந்துவிட்டாள். வயதானபோது வலது கண்ணிலும் புரை விழுந்தது. எங்களிடம் மூச்சு விடவில்லை. தடவித் தடவியே தைத்தாள். ஒருநாள் நான் போனபோது சின்னச் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். கைப்பகுதியின் வாயை மூடித் தைத்திருந்தாள்.

"பாருடி, கையே இல்லாத பிள்ளைக்கு சட்டை தைச்சிருக்கேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் பாட்டி எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

கண் டாக்டர் பார்த்தார். அறுத்தால் பார்வை வரும், தள்ளிப்போட்டால் புரை கல்லாக இறுகிவிடும், பிறகு கடவுள் விட்ட வழி என்றார். அதில் ஒரு சிக்கல். பாட்டியின் இதயம் பலவீனம், முழு மயக்கம் கொடுக்க முடியாது. கண்ணை மட்டும் மரக்க வைத்துவிட்டு, விழித்திருக்கும்போதே அறுக்க வேண்டும். "அரை மணி நேரம் அசையாம படுத்திருந்தா போதும்மா" என்றார் டாக்டர், தண்ணீர் குடிக்கச் சொல்கிறவர்போல.

நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதல் தடவை நடந்ததைக் கேளுங்கள். படுக்க வைத்தார்கள், தலைக்கு இருபுறமும் மணல் பை வைத்தார்கள். முகத்தின்மேல் பச்சைத் துணி விழுந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது: "இந்தத் துணிக்கு ஓரம் அடிச்சது யாரு? நான் இல்ல. நான் அடிச்சா இப்படி உறுத்தாது." பிறகு கால் ஆட ஆரம்பித்தது. கால் ஆட இடுப்பு ஆடியது, இடுப்பு ஆடத் தலை ஆடியது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வெளியே வந்து எங்களிடம் சொன்னார்: "கட்டிப் போட்டா திமிறுவாங்க, இதயம் தாங்காது. இன்னும் ஒரு தடவை பாக்கலாம். அப்பவும் ஆடினா நான் தொட மாட்டேன். மயிரிழை தவறினாலும் அந்தக் கண்ணு போயிடும்."

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒருவருக்கு இரண்டு இடது கால் செருப்பைக் கட்டிக் கொடுத்தேன். பாட்டி எப்போதாவது, எதற்காகவாவது அசையாமல் இருந்திருக்கிறாளா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. ஒரு சாயங்காலம் அவள் அறையில் அதே யோசனையோடு நின்றிருந்தேன். மிஷின் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. ஊசி பாதி வழியில், கை அந்தரத்தில், கால் பலகைமேல் கல்போல.

மாடி வீட்டில் சண்டை ஆரம்பித்திருந்தது.

மேல் மாடியில் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அவள் டைப் அடிக்கிறவள். நாளுக்கொரு சண்டை, சுவர் அதிரும். பாட்டி மூச்சு விடாமல் கேட்பாள். "உஷ்! இப்பதான் பழைய விஷயத்துக்கு வர்றா" என்பாள் உதடு மட்டும் அசைய. நான் பாட்டியின் காலைப் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன். ஆஹா என்று மாடிக்கு ஓடினேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் இருவருக்கும் முகம் விழுந்துவிட்டது.

"நாங்களா? சண்டையா? நாங்க சண்டையே போடறதில்லையே" என்றார் டிரைவர்.

"பொய் சொல்லாதீங்க. நேத்துகூட சட்டிய தூக்கிப் போட்டீங்க" என்றாள் மனைவி.

"அது கை தவறி விழுந்தது."

"சுவத்துல போயா விழும்?"

"இதேதாங்க்கா, இதையேதான் ஆஸ்பத்திரியில வந்து போடணும். பாட்டியோட கண்ணு உங்க கையில இருக்கு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாட்டி என்றதும் அந்த அக்காவின் மனம் இளகியது. அவளுடைய கல்யாண உடுப்பைப் பிரித்து அவள் மகளுக்கு கவுன் தைத்துக் கொடுத்தவள் பாட்டி அல்லவா. வருகிறோம் என்றார்கள்.

பெரிய நர்சிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. "சத்தம் எனக்குப் பிரச்சனை இல்ல. தலை ஆடினாதான் பிரச்சனை" என்றாராம்.

அந்த நாள் வந்தது. ஆபரேஷன் அறைக்கும் நாங்கள் நின்ற நடைக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்புதான். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதில் முகத்தை ஒட்டினால் பச்சைத் துணிக்கு வெளியே நீண்ட பாட்டியின் இரண்டு பாதங்கள் தெரியும். நடையின் சுவரில் பெரிய எழுத்தில் 'அமைதி காக்கவும்' என்று பலகை. அதற்குக் கீழேயே பெஞ்சு. அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். வெளியூரில் வேலை பார்க்கிற மாமா ராத்திரி ரயிலேறிக் காலையில் வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றிருந்தார். மாமா அதிகம் பேசாதவர். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே மாதிரி தலையாட்டுகிறவர்.

டிரைவரும் மனைவியும் வந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், அவள் நல்ல சேலையில், முகத்தில் பவுடரோடு. ஏதோ பரிசு வாங்க வந்தவர்கள் மாதிரி.

"ஆரம்பிங்க" என்றேன்.

"நீயே ஆரம்பிம்மா" என்றார் அவர் மனைவியிடம்.

"சாவியத் தொலைச்சீங்களே, அதை எடுக்கட்டுமா?"

"எடு எடு. ஆனா அது என் தப்புதான்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. நானும் ஞாபகப்படுத்தியிருக்கணும்."

அடப் பாவிகளா! கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அத்தனை மரியாதையாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டினேன். வலது கட்டைவிரல் ஒரு துடிப்புத் துடித்தது. பிறகு பாதம் முழுவதும்.

பெரிய நர்ஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "என்னம்மா, சண்டை எங்க? உள்ள கால் கிளம்பிடுச்சு. டாக்டர் கத்திய வச்சுக்கிட்டு நிக்கிறாரு!"

அம்மா மாமாவின் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். "டேய், ஏதாவது சண்டை போடுடா."

"யாரோடக்கா?"

"என்னோடதான். எனக்கும் உன்ன விட்டா ஆள் இல்ல, உனக்கும் என்ன விட்டா ஆள் இல்ல." உடனே குரலை உயர்த்தினாள்: "வீட்டு பீரோவ யாரைக் கேட்டுடா தூக்கிட்டுப் போன?"

மாமா திருதிருவென்று விழித்தார். "நான் எங்கக்கா தூக்கினேன், லாரியிலதானே போச்சு..."

"சத்தமா!"

"லாரியிலதான் போச்சு!" என்று மாமா கத்தினார். பள்ளி நாடகத்தில் காவல்காரன் வேஷம் போட்டவன் கத்துவது போலிருந்தது. ஆனால் உள்ளே கால் நின்றது. கட்டைவிரல் காதுபோல நிமிர்ந்து நின்றது. டாக்டர் குனிந்தார்.

"பீரோ வேணும், கண்ணாடி வேணும். அம்மா மட்டும் வேணாமா உனக்கு? ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போய் வச்சுக்கிட்டியா?"

அம்மா அதையும் நடிப்பாகத்தான் சொன்னாள். மாமா பையைக் கீழே வைத்தார்.

"கூட்டிட்டுப் போனேன்க்கா" என்றார். குரலில் நாடகம் இல்லை. "வந்த அன்னிக்கே பக்கத்து வீட்டுத் திரைச்சீலையைக் கழட்டி ஓரம் பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஆபீஸ்ல பொய் சொல்லிட்டு ஓடி வந்தேன், அம்மாவோட கொஞ்ச நேரம் உட்காரலாம்னு. அவங்க உட்காரல. என்கிட்ட என்னிக்குமே உட்கார்ந்ததில்ல. சின்ன வயசுல காய்ச்சல்னா நெத்தியில ஈரத்துணி போடுவாங்க. துணி சூடாகறதுக்குள்ள மிஷின் சத்தம் கேக்கும். உனக்கு அம்மான்னா என்ன ஞாபகம் வரும்னு எனக்குத் தெரியாது. எனக்கு முதுகுதான் ஞாபகம் வரும். ஜன்னலைப் பாத்த முதுகு."

டிரைவரின் மனைவி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே படுத்திருப்பவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். நிறுத்துங்கள் என்று சொல்லவும் முடியவில்லை, நிறுத்தினால் கால் கிளம்பிவிடும். எழுந்து ஓடவும் முடியாத இடத்தில் அவளைப் படுக்கவைத்து இதைக் கேட்க வைத்துவிட்டோமே!

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உண்மையான கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அம்மாவின் குரல் இறங்கியது.

"முதுகுதான் தெரிஞ்சுதா உனக்கு? தொட்டில் பின்னாடி கட்டியிருந்தா முதுகுதாண்டா தெரியும்."

"என்ன தொட்டில்?"

"அப்பா போனப்ப நீ கைக்குழந்தை. வயித்துவலிக்காரன். நீ அழுதா தெருவே எழுந்துக்கும். மிஷினும் ஓடணும், நீயும் தூங்கணும். உன் தொட்டில் கயித்தைத் தன் வலது கால்ல கட்டிக்கிட்டா. அவ மிதிக்க மிதிக்க உன் தொட்டில் ஆடும். நின்னா முழிச்சுக்குவ. தையல் முடிஞ்ச பிறகும் மிதிப்பாடா, ஊசியில நூலே இருக்காது. நான் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாத்திருக்கேன். அந்தக் கணுக்கால்ல இன்னும் தடம் இருக்கு, போய்ப் பாரு. நீ தூங்கறதுக்காக ஆட ஆரம்பிச்ச கால் அது. நீ வளந்துட்டன்னு அந்தக் காலுக்கு யாரும் சொல்லலை."

அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். பழைய செருப்பு வார் அறுத்த காய்ப்பு என்று நினைத்து, வருஷா வருஷம் மெத்தென்ற வார் வைத்த செருப்பாகத் தேடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பாட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாமா அமைதிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தார். கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், சண்டை முடிந்துவிட்டது. அம்மாவும் பேசவில்லை, யாரும் பேசவில்லை. ஐயையோ, பேசுங்களேன் என்று எனக்குள் ஒன்று கத்தியது. கண்ணாடியில் முகத்தை ஒட்டினேன்.

கால் ஆடவில்லை. கட்டைவிரல்கூட. ஒட்டுக் கேட்கிற நிமிர்ப்பு இல்லை அது. இரண்டு பாதமும் தளர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. அந்தப் பாதங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. இதயம் பலவீனம் என்றாரே டாக்டர். ஆடாதே ஆடாதே என்று ஒரு வாரமாக வேண்டிக்கொண்டவள், ஆடு பாட்டி, ஒரே ஒரு தடவை ஆடு என்று கண்ணாடியிடம் கெஞ்சினேன். என் மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்தேன், மறுபடியும் மங்கியது. டாக்டரின் முதுகும் நர்சின் கையும் மட்டும் தெரிந்தன. பம்பரம் முழு வேகத்தில் சுற்றும்போது ஆணி ஊன்றினாற்போல அசையாமல் நிற்குமே, தூங்குகிறது என்போமே, அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு பிடிக்க என்ன இருந்தது?

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கினார்.

"முடிஞ்சது. நல்லா வந்திருக்கு. கட்டைப் பிரிச்சாதான் முழுசாச் சொல்ல முடியும்." பிறகு எங்களைப் பார்த்தார். "தொட்டில் விஷயம் சொன்னது யாரு? சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? நர்ஸ் கண்ணு கலங்கிப்போய், கத்தரி கேட்டா பஞ்சைக் குடுக்கறாங்க."

வார்டில் பாட்டி மல்லாந்து படுத்திருந்தாள். கண்ணில் கட்டு. மறுநாள் காலைவரை எழுந்திருக்கக் கூடாது. மாமா வாசலிலேயே நின்றார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் பேசினாள்.

"முதல் பாதி சுமார்தான். பீரோவ யாரு குடுத்தது, நான்தானே ஏத்தி அனுப்பினேன்? உங்கம்மா கோவத்துல கத்த மாட்டா, அப்பவே தெரிஞ்சுபோச்சு. சரி, என்ன லட்சணத்துல நடிக்கிறாங்கன்னு பாப்போமேன்னு படுத்திருந்தேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எங்க அவன்? டேய், இங்க வா. உட்காரு."

மாமா கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"பேசு. இன்னிக்கு என்னால எழுந்து ஓட முடியாது. டாக்டர் உத்தரவு."

மாமா போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். அவள் கையை நீட்டித் துழாவினாள். அவர் தலை அகப்பட்டது. வழுக்கை விழுந்த தலை.

"பேச வரலைன்னா தூங்கு. ராத்திரி ரயில்ல தூங்கியிருக்க மாட்ட நீ."

மாமா கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து, குனிந்து தலையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள் வலது கால் மெதுவாக ஆட ஆரம்பித்தது. கட்டில் சன்னமாகக் கிறீச்சிட்டது. பெரிய நர்ஸ் பாய்ந்து வந்தார்.

"பாட்டி! கால்!"

"விடுங்க சிஸ்டர்" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே. "தலை ஆடலையே."

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். பாட்டி கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள். எங்கள் எல்லோரையும் தாண்டி மாமாவையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஏண்டா, மூணாவது பொத்தான் வேற நிறத்துல இருக்கு. எவன் தைச்சான் இதை?"

அம்மா அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு பாட்டி மாறிவிட்டாள், ஒரு இடத்தில் உட்கார்ந்தாள் என்று சொன்னால் பொய். ஓடினாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், என்னிடம் செருப்புக் கேட்டாள். ஒன்றே ஒன்று செய்தாள். வீட்டுக்கு வந்ததும் மாமாவையும் டிரைவரையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லி மிஷினைத் திருப்பிப் போட்டாள். ஜன்னலுக்கு முதுகு, அறைக்கு முகம்.

"வெளிச்சம் பின்னாலேர்ந்து வருதே, இப்பதானே கண்ணு சரியாச்சு" என்று அம்மா கத்தினாள்.

"எனக்கு எது தெரியணுமோ அது தெரியுது, நீ போய் வேலையப் பாரு" என்றாள் பாட்டி. மாமா மாதத்துக்கொருமுறை ரயிலேறி வருவார். மிஷினுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். இருவரும் என்ன பெரிதாகப் பேசிக்கொண்டார்கள்? ஒன்றுமில்லை. அவள் மிதிப்பாள், அவர் பார்ப்பார். பாதியில் தூங்கிவிடுவார். அவர் தூங்கியது தெரிந்தால் தையல் முடிந்திருந்தாலும் அவள் காலை நிறுத்த மாட்டாள்.

சரி கண்ணுகளா, பொழுதாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் ஓடுகிற கால் எதுவோ, அது யாருக்காக ஓடுகிறது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கட்டும். சண்டை வந்தால் பாதியில் உண்மை வரட்டும், உண்மை வந்தபின் தூக்கம் வரட்டும். நூல் கோக்கிற கண்ணுக்குக் கடைசிவரை வெளிச்சம் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் உடுப்பு மடிப்பில் எப்போதும் கொஞ்சம் துணி மிச்சமிருக்கட்டும், அவர்கள் அதைப் பிரித்துப் பிரித்து வளரட்டும்.